மஞ்சள் பூமரம்: எதை நடலாம்?

வளவில் நட மஞ்சள் பூமரம் தேடுவோர் ஐரோப்பிய லபர்னத்தின் படத்தைக் காட்டி, கன்று எடுத்துத் தர முடியுமா என்று என்னிடம் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் பதில். அது தென் ஐரோப்பிய மலைநாட்டு மரம். குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கினால்தான் மே, ஜூனில் பூக்கும். கொழும்பு வெக்கையில் பிழைக்காது. காயும் விதையும் நஞ்சு. பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது.

அதே சரஞ்சரமான மஞ்சளை நம் நாட்டுக் கொன்றை தருகிறது. வெயிலும் வறட்சியும் அதற்குப் பழக்கம். 10 மீற்றருக்கு மேலும் வளரும் என்பதால் சுவரை விட்டுத் தள்ளி நட வேண்டும். விதையின் தோல் கடினமானது. சற்று உரசி ஊறவைத்தால் முளைக்கும். கன்றாக்கி விற்க முதல் சொற்பம்தான். ஆனால் பூக்கச் சில வருடங்கள் செல்லும். அதைச் சொல்லி விற்பவரிடமே வாடிக்கையாளர் திரும்பி வருவார்.