காற்றை நம்பி அடியில் போகாதே!
(காட்டுப்பாதையில் ஏர் சஸ்பென்ஷன் கைவிட்டால்...)

– இரண்டாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு



கட்டை வண்டி காலத்தில் சஸ்பென்ஷன் என்று ஒன்று கிடையாது. அச்சின் மேல் பலகை, பலகையின் மேல் ஆள், அவ்வளவுதான். பிறகு லீஃப் ஸ்பிரிங் வந்தது. லாரிக்காரர்கள் அதைப் 'பட்டை' என்பார்கள். அடுத்து காயில் ஸ்பிரிங். இன்றைக்கு விலை உயர்ந்த கார்களிலும் சொகுசு பஸ்களிலும் இரும்பு செய்த வேலையைக் காற்று செய்கிறது. இதற்குப் பெயர்தான் ஏர் சஸ்பென்ஷன்.

லாரி ஓட்டும் என் அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "காத்துலயாடா ரெண்டு டன் வண்டி நிக்குது?" என்று கேட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, காத்து போயிட்டா?" என்றார். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த இரண்டாவது கேள்விக்கான பதில்தான்.

காற்று எப்படித் தாங்குகிறது?

1957-இல் அமெரிக்காவின் கேடிலாக் எல்டொராடோ ப்ரோம் காரில் ஏர் சஸ்பென்ஷன் வந்தது. காற்றுக் கசிவுத் தொல்லை பொறுக்காமல் பலர் அதைக் கழற்றிவிட்டுக் காயில் ஸ்பிரிங் மாட்டிக்கொண்டார்கள். 1992-இல் இங்கிலாந்தின் ரேஞ்ச் ரோவர் ஜீப்பில் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டுடன் இது வந்தது. 1994-இல் வந்த இரண்டாம் தலைமுறை ரேஞ்ச் ரோவரிலும் இதே முறைதான். அந்த நிறுவனத்தை 2008-இல் நம் நாட்டு டாடா வாங்கியது எல்லோருக்கும் தெரியும்.

அந்த வண்டியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஒரு கம்ப்ரஸர் காற்றை அடிக்கிறது. டிரையர் அதிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது. காற்று டேங்கில் சேர்ந்து, வால்வு பிளாக் வழியாக 6 மி.மீ. நைலான் பைப்பில் நான்கு ரப்பர் பைகளுக்குப் போகிறது. (விபத்தில் விரியும் ஏர் பேக் வேறு, இது வேறு.) நான்கு ஹைட் சென்சார்கள் உயரத்தை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்கின்றன. ஏறி இறங்கத் தாழ்வாக, மேடு பள்ளத்தில் உயரமாக, வயிறு தட்டி நின்றால் இன்னும் உயரமாக என்று வண்டி தானே எழும்பும், தானே பணியும்.

அப்பாவின் முதல் கேள்விக்குச் சின்னக் கணக்கு போதும். ஒரு சக்கரத்தின் மேல் 600 கிலோ பாரம், பையின் செயல்படும் விட்டம் 12 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பரப்பு சுமார் 113 சதுர செ.மீ. 600-ஐ 113-ஆல் வகுத்தால் 5.3. அதாவது சதுர செ.மீ.க்கு 5.3 கிலோ, ஏறக்குறைய 75 பி.எஸ்.ஐ. லாரி டயரில் இதைவிட அதிகமாகவே காற்று அடிக்கிறார்கள்!

காற்று போனால்?

லாரியிலும் காற்று இருக்கிறது, ஏர் பிரேக்கில். அதன் ஸ்பிரிங் பிரேக்கை அமுக்கிப் பிடித்து வைத்திருப்பதே காற்றுதான். காற்று போனால் ஸ்பிரிங் விரிந்து பிரேக் தானாகப் பிடிக்கும், வண்டி நின்றுவிடும். பாதுகாப்பான பக்கமாகவே கெட்டுப்போகும்படி அமைத்திருக்கிறார்கள்.

ஏர் சஸ்பென்ஷன் அப்படியல்ல. காற்று போனால் வண்டியின் உடம்பு கீழே இறங்கி ரப்பர் ஸ்டாப்பர் மேல் உட்காரும். உள்ளே இருப்பவருக்கு ஒரு குலுக்கல், அவ்வளவுதான். அடியில் இருப்பவருக்கு?

என் சித்தப்பா ஒரு பஸ் ஒர்க்ஷாப்பில் ஹெல்ப்பராக இருந்தார். ஏர் சஸ்பென்ஷன் பஸ்ஸுக்கு அடியில் அவர் கை வைத்திருந்தபோது, மறுபக்கம் இன்னொருவர் பைப்பைக் கழற்றினார். பஸ் சத்தமில்லாமல் இறங்கியது. வலது கையில் இரண்டு விரல்கள் போயின. பஸ்ஸில் எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டித்தான் இருந்தது. ஆனால் அது ஆங்கிலத்தில் இருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குச் சொல்ல அங்கே ஆளில்லை.

காட்டுப்பாதையில் ஏன் கெடுகிறது?

சேறும் மணலும் ரப்பர் மடிப்பில் புகுந்து, வண்டி ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் உப்புத்தாள் போல் தேய்க்கும். கல்லும் கிளையும் பைப்பையோ சென்சார் ஒயரையோ அறுக்கும். அடிக்கடி உயரத்தை மாற்றினால் சைக்கிள் பம்பு சூடாவதுபோல் கம்ப்ரஸர் சூடாகிவிடும். டிரையர் பழசானால் ஈரம் வால்வு வரை போய் அடைத்துக்கொள்ளும். லாரிக்காரர்கள் தினமும் ஏர் டேங்கில் தண்ணீர் திறந்துவிடுவது இதே காரணத்துக்காகத்தான்.

என்ன செய்ய வேண்டும்?

1. முடிந்தவரை சமதளத்தில், கெட்டியான தரையில் நிறுத்து. இன்ஜினை அணை. ஹேண்ட் பிரேக் போடு. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வை.

2. அடியில் குனியாதே. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கை விடாதே. சேஸிஸில் ஜாக்கி வைத்து, ஸ்டாண்டோ கனமான மரக்கட்டையோ கொடுத்து, பாரம் அதன் மேல் உட்கார்ந்த பிறகுதான் அடுத்த வேலை. சேறாக இருந்தால் ஜாக்கிக்குக் கீழே அகலப் பலகை போடு. ஜாக்கியை மட்டும் நம்புவதும் காற்றை நம்புவதும் ஒன்றுதான்.

3. கம்ப்யூட்டரை ஓய வை. நீ வேலை செய்யும்போது அது தன் போக்கில் காற்றை விடலாம், ஏற்றலாம். எந்த ஃபியூஸ், எந்த ரிலே என்பது மாடலுக்கு மாடல் வேறு. கிளம்பும் முன்பே புத்தகத்தைப் பார்த்துக் குறித்து வை.

4. நோயைக் கண்டுபிடி. ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் அந்த மூலையின் பை, பைப், ஜாயின்ட் ஆகியவற்றைப் பார். நான்கும் தாழ்ந்திருந்தால் கம்ப்ரஸர் அல்லது அதன் ஃபியூஸ், ரிலே. வண்டி நேராக நிற்கிறது, ஆனால் உயரம் மாற மறுக்கிறது என்றால் சென்சாரைச் சந்தேகப்படு. 'உஸ்' சத்தம் கேட்கிறதா என்று காது கொடு. சோப்புத் தண்ணீர் ஊற்றினால் கசியும் இடம் நுரைத்துக் காட்டிக்கொடுக்கும்.

5. மருந்து. கம்ப்ரஸர் சூடாகி நின்றிருந்தால் ஆறவிடு, மறுபடி ஓடலாம். பைப் அறுந்திருந்தால், மிச்சக் காற்றை வெளியேற்றிவிட்டு, முனையை பிளேடால் நேராக வெட்டி ஜாயின்டரில் சொருகு. பை கிழிந்திருந்தால் டியூப்புக்கு ஒட்டுவதுபோல் பஞ்சர் ஒட்ட முடியாது, முயற்சி செய்யாதே. காற்றில்லாத பை மேல் வண்டியைத் தடாலென்று இறக்காதே. மடிப்பு தப்பாக விழுந்தால் நல்ல பையும் கிழியும்.

6. கம்ப்ரஸரே போய்விட்டால்? அனுபவசாலிகள் ஒவ்வொரு பையின் பைப்பிலும் முன்கூட்டியே டயர் வால்வு ஒன்று பொருத்தி வைப்பார்கள். டயர் பம்பால் காற்றடித்து, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்து, இரு பக்கமும் சமமாக வைத்துக்கொள்ளலாம்.

7. எதுவும் முடியாவிட்டால் ஸ்டாப்பர் மேலேயே மெதுவாக ஓட்டி வெளியே வா. டயர் எங்கும் உரசவில்லை என்று முதலில் பார். அந்த ரேஞ்ச் ரோவரின் டேஷ்போர்டே '35 மைலுக்கு மேல் போகாதே' என்று காட்டும். அது மணிக்கு சுமார் 56 கி.மீ., அதுவும் நல்ல ரோட்டில். கரடுமுரடில் நடை வேகம் போதும்.

வருமுன் காப்போம்

சேற்றில் போய் வந்தால் பைகளைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். இரவு நிறுத்திய வண்டி காலையில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், அது நோயின் முதல் அறிகுறி. அலட்சியம் செய்தால், கசிவை ஈடுகட்ட ஓயாமல் ஓடி கம்ப்ரஸரும் போகும். கொஞ்சம் 6 மி.மீ. பைப், இரண்டு ஜாயின்டர், ஃபியூஸ், டயர் பம்பு, சோப்புத் தண்ணீர் பாட்டில், பலகை, மரக்கட்டை ஆகியவற்றை எப்போதும் வண்டியில் வைத்திருக்க வேண்டும்.

நண்பர்களே! சுவர் இருந்தால்தான் சித்திரம். எந்த மெஷினைப் பார்த்தாலும் 'இது எப்படி ஓடுகிறது' என்று வகுப்பில் படிக்கிறோம். 'இது நின்றால் என்ன விழும், யார் மேல் விழும்' என்றும் சேர்த்துப் படிப்போம். என் வீட்டில் பாலிடெக்னிக் வரை வந்தவன் நான் ஒருவன்தான். ஒர்க்ஷாப்பில் நமக்குப் பக்கத்தில் நிற்கப்போகும் ஹெல்ப்பர் பலருக்கு அந்த ஆங்கில ஸ்டிக்கரைப் படிக்கத் தெரியாது. அதைத் தமிழில் எழுதி ஒட்ட ஐந்து நிமிடம்கூட ஆகாது. வேலைக்குப் போகும் முதல் நாளே நாம் அதைச் செய்வோம்.

"காற்றின் மேல் நிற்கும் வண்டி. கட்டை கொடுக்காமல் அடியில் போகாதே."