காய்ச்சல் விட்டதும் கழனிக்குப் போகலாமா?

திருவண்ணாமலை வட்டாரத்தில் வடகிழக்குப் பருவமழையில் ஏடிஸ் கொசு பெருகும். டெங்குவையும், 1964-இல் வேலூரிலும் 2006-இல் தமிழகத்தில் பரவலாகவும் கண்ட சிக்குன்குனியாவையும் பரப்புவது, பகலில் கடிக்கும் இக்கொசுவே.

இக்கிருமிகள் சிலருக்கு இதயத் தசையை வீங்கச் செய்யும். நாடித்துடிப்பு தாறுமாறாகும். பெரும்பாலோர் தேறிவிடுவர்; சிலருக்கு உயிராபத்து நேரிடும்.

டெங்குவில் காய்ச்சல் தணிந்த முதல் இரண்டு நாட்களே ஆபத்தானவை. அப்போது ஏர் பிடிக்கவோ, களையெடுக்கவோ செல்லக்கூடாது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் கண்டால் உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் மாத்திரையைத் தாமே வாங்கி உட்கொள்ளக்கூடாது, இரத்தக்கசிவு மிகும்.

முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்கு மேலாகும். எனவே மாட்டுத் தண்ணீர்த் தொட்டியை வாரம் ஒருமுறை வடித்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவிக் காயவிட வேண்டும்.