கற்பனைப் போர்க்கப்பலும் அதன் பௌதிக எல்லைகளும்

கட்டப்படாத கப்பல்களைப் பற்றி இலக்கிய ஆய்வாளர் எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் கற்பனை என்பது எத்தகைய புறநிலை நிர்ப்பந்தங்களுக்குள் இயங்குகின்றது என்ற வினா இலக்கியத்துக்கு மட்டும் உரியதன்று. கடற்போர் விளையாட்டுக்கெனக் கற்பனைப் போர்க்கப்பல்களை வடிவமைப்போரும் அதே வினாவை எதிர்கொள்கின்றனர். அவர்களது முயற்சியை விளக்கி, அது எதனை வெளிப்படுத்துகின்றது, எதனை மறைக்கின்றது என்பவற்றை ஆராய்வதே ஈண்டு எமது நோக்கமாகும்.

1898ஆம் ஆண்டு இங்கிலாந்தைச் சேர்ந்த பிரெட் ரி. ஜேன் என்பார் கடற்போர் விளையாட்டொன்றை வெளியிட்டார். உலகக் கடற்படைகளின் கப்பல்களைப் படங்களுடன் தொகுத்து அவர் அதே ஆண்டில் வெளியிட்ட நூல், அவ்விளையாட்டுக்குத் துணைசெய்யும் தகவற் களஞ்சியமாகவே தொடங்கிற்று. பின்னர் அது கடற்படை அதிகாரிகளின் மேசைகளிலும் இடம்பெற்றது. விளையாட்டுக்கும் யுத்தத்துக்குமிடையிலான எல்லைக்கோடு தொடக்கத்திலிருந்தே மெல்லியதாக இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

அந்நூலின் 1903ஆம் ஆண்டுப் பதிப்பில் இத்தாலியக் கப்பற் பொறியியலாளர் விற்றோரியோ குனிபெர்ட்டி ஒரு கட்டுரை எழுதினார். பிரித்தானியக் கடற்படைக்கான இலட்சியப் போர்க்கப்பல் எதுவென்பதே அதன் பொருள். 17,000 தொன் இடப்பெயர்ச்சி, 12 அங்குலப் பீரங்கிகள் பன்னிரண்டு, 12 அங்குலக் கவசம், மணிக்கு 24 கடல்மைல் வேகம் என்பன அவர் வகுத்த அளவுகள். மூன்று ஆண்டுகளின் பின், 1906இல், பிரித்தானியா 'டிரெட்நோட்' என்னும் கப்பலைக் கட்டி முடித்தது. அதன் இடப்பெயர்ச்சி ஏறத்தாழ 18,000 தொன். ஆயின் பீரங்கிகள் பத்து. பக்கக் கவசத்தின் உச்சத் தடிப்பு 11 அங்குலம். வேகம் 21 கடல்மைல். நீராவிச் சுழலி என்னும் புதிய இயந்திரத்தைப் பயன்படுத்தியும், கூடிய எடையைக் கொண்டிருந்தும், உண்மைக் கப்பல் கற்பனைக் கப்பலை எட்டவில்லை. ஏன்?

இவ்வினாவுக்கான விடையே போர்க்கப்பல் வடிவமைப்பின் அடிப்படையாகும். மிதக்கும் கப்பலொன்று தன் எடைக்குச் சமமான நீரையே இடம்பெயர்க்கின்றது. எனவே இடப்பெயர்ச்சி என்பது வடிவமைப்பாளனுக்குக் கிடைத்த மொத்த முதல். உடற்கூடு, கவசம், பீரங்கி, இயந்திரம், எரிபொருள் ஆகிய யாவும் அதிலிருந்தே பங்கு பெறவேண்டும். ஒன்றுக்குக் கூட்டினால் மற்றொன்றுக்குக் குறைத்தே ஆகவேண்டும். இவற்றுள் வேகமே மிகக் கடுமையான வரி அறவிடுவது. ஒரே உடற்கூட்டில் வேண்டப்படும் இயந்திர வலு, வேகத்தின் கனத்துக்கு ஏறத்தாழ நேர்விகிதமாக உயர்கின்றது. 21 கடல்மைலிலிருந்து 24 கடல்மைலுக்குச் செல்ல வேகம் ஏழிலொரு பங்கே கூடுகின்றது. வலுவோ ஏறத்தாழ ஒன்றரை மடங்காகின்றது. டிரெட்நோட்டின் 23,000 குதிரைவலு 34,000இற்கு மேல் உயரவேண்டும். அவ்வியந்திரங்களின் எடை எங்கிருந்து வரும்?

இதற்கான விடையைப் பிரித்தானியாவின் மற்றொரு கப்பல் தருகின்றது. 1909இல் சேவைக்கு வந்த 'இன்வின்சிபிள்' ஏறத்தாழ 17,000 தொன் எடையுடையது. 41,000 குதிரைவலுவுடன் 25 கடல்மைல் வேகத்தை அது பெற்றது. அதற்குரிய விலையாகப் பீரங்கிகள் எட்டாகவும் பக்கக் கவசம் 6 அங்குலமாகவும் குறைக்கப்பட்டன. குனிபெர்ட்டி தாளில் ஒன்றிணைத்ததை நடைமுறை இரு கப்பல்களாகப் பிரித்துவிட்டது எனலாம்.

வெண்பா இயற்றுவோன் தளையை மீறமுடியாதது போன்று, கப்பலை வரைவோன் எடையை மீறமுடியாது. 1922ஆம் ஆண்டின் வாஷிங்டன் உடன்படிக்கை இந்த 'யாப்பை'ச் சர்வதேசச் சட்டமாகவே ஆக்கிற்று. ஒரு கப்பலுக்கு 35,000 தொன், பீரங்கிக்கு 16 அங்குலம் என்பன உச்ச வரம்புகள். அவ்வரம்புக்குள் உருவான 'நெல்சன்' தனது ஒன்பது 16 அங்குலப் பீரங்கிகளையும் முன்புறத்திலேயே நிறுத்தியது. கவசம் போர்த்த வேண்டிய நீளத்தைச் சுருக்கி எடையை மீதப்படுத்துவதே அதன் காரணம். அதன் விசித்திரத் தோற்றம் கலைஞனின் விருப்பத்திலன்றி, வரம்பின் நிர்ப்பந்தத்திலேயே பிறந்தது.

அமெரிக்க எழுத்தாளர் பிளெச்சர் பிராட் 1940இல் நூலாக வெளியிட்ட விளையாட்டு விதிகள், பீரங்கி, கவசம், வேகம் முதலியவற்றைச் சூத்திரமொன்றில் இட்டு ஒவ்வொரு கப்பலுக்கும் புள்ளி மதிப்பு வழங்கின. இன்று 'ஸ்பிரிங்ஷார்ப்' போன்ற கணினிச் செயல்நிரல்கள், நாம் தரும் அளவுகளைக் கொண்டு கற்பனைக் கப்பலின் எடைப் பங்கீட்டையும் உடற்கூட்டு வலிமையையும் நொடியில் கணித்துவிடுகின்றன. வெறும் ஆசையைப் பௌதிக விதிகளுக்கு உட்படுத்தும் இம்முயற்சிகள் வரவேற்கத்தக்கவையே. ஆயின் எடைக் கணக்கு மட்டுமே கப்பலின் கணக்கு முழுவதுமன்று.

பிரெடரிக் எங்கெல்ஸ் 1878இல் நூல்வடிவம் பெற்ற 'டூரிங்குக்கு மறுப்பு' நூலிலே, நவீன போர்க்கப்பல் பெருங்கைத்தொழிலின் விளைபொருள் மட்டுமன்றி அதன் மாதிரியுமாகும் எனவும், அது பெரும் பணவிரயத்தை உற்பத்தி செய்யும் மிதக்கும் ஆலை எனவும் விளக்கியுள்ளார். இந்நோக்கிலே பார்க்குமிடத்து, டிரெட்நோட் தனியொருவரின் மேதைமையில் உதித்ததன்று. 1905ஆம் ஆண்டளவில் அமெரிக்காவும் யப்பானும் இதையொத்த திட்டங்களை வகுத்திருந்தன. 12 அங்குலப் பீரங்கிகளை மட்டுமே தாங்கவேண்டியிருந்த யப்பானின் 'சற்சுமா', அவை போதியளவு கிடைக்காமையால் நான்கை மட்டுமே பெற்றது. எஞ்சியவை 10 அங்குலப் பீரங்கிகளாயின. எடை இடங்கொடுத்தும் உற்பத்தி இடங்கொடுக்கவில்லை. ஜேர்மனியோ புதிய பெருங்கப்பல்கள் செல்லும்வண்ணம் கீல் கால்வாயை 1907 முதல் 1914 வரை விரிவாக்க வேண்டியதாயிற்று. பிரித்தானியாவில் 1909ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம், முதியோர் ஓய்வூதியம், புதிய போர்க்கப்பல்கள் ஆகிய இரண்டுக்கும் பணம் தேடவேண்டியிருந்தது. நிலவுடைமையாளர் மீது வரி விதிக்க முனைந்த அத்திட்டத்தைப் பிரபுக்கள் சபை நிராகரித்தது. கப்பலின் செலவை எந்த வர்க்கம் சுமப்பது என்பதும் அங்கே வடிவமைப்புப் பிரச்சினையாகவே இருந்தது.

புள்ளி மதிப்பின் மற்றொரு குறைபாடு, அது இயங்கும் காலத்தை உறையவைத்துவிடுவதாகும். 1941 நவம்பர் இறுதியில் 'பிரின்ஸ் ஒவ் வேல்ஸ்' என்னும் புதிய போர்க்கப்பல் கொழும்பை வந்தடைந்து, அங்கிருந்து சிங்கப்பூர் நோக்கிச் சென்றது. 14 அங்குலப் பீரங்கிகள் பத்து, தடித்த கவசம், 28 கடல்மைல் வேகம் ஆகியவற்றால் எந்தச் சூத்திரத்திலும் உயர்ந்த மதிப்பைப் பெறத்தக்கது அது. டிசம்பர் 10ஆம் திகதி மலாயாக் கரைக்கு அப்பால் அதனையும் 'ரிபல்ஸ்' கப்பலையும் யப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. 840 பேர் மாண்டனர். எதிரியின் பீரங்கியை எதிர்பார்த்து வகுக்கப்பட்ட கணக்கிற்கு வானிலிருந்து விடை வந்தது.

எனவே கற்பனைக் கப்பலை வரைவோர் முதலில் தொன் அளவைக் குறிப்பதற்குப் பதிலாக, நாட்டையும் ஆண்டையும் குறிக்கவேண்டும் என்பது எமது கருத்து. அந்நாட்டின் உருக்காலை எத்தகையது? கப்பற்றுறையின் அகலம் யாது? வரி செலுத்துவோர் யாவர்? எவரை எதிர்த்து, எவரது நலனுக்காக இக்கப்பல்? இவ்வினாக்களுக்கு விடையளித்தபின் வரையப்படும் கப்பல் சிறியதாக அமையலாம். ஆனால் வரலாற்று உண்மை உடையதாக அமையும்.

இறுதியாக ஒன்று. இன்வின்சிபிளின் கவசத்தை 6 அங்குலமாகக் குறைத்த முடிவு, வரைபடத்தில் ஓர் இலக்கம் மட்டுமே. 1916 மே 31ஆம் திகதி யுட்லாந்துச் சமரில் அக்கப்பல் வெடித்துச் சிதறியது. அதன் பீரங்கிக் கோபுரமொன்றைத் துளைத்த குண்டு, உள்ளிருந்த வெடிமருந்தைப் பற்றவைத்தது. மெல்லிய கவசம் மட்டுமன்றி, வெடிமருந்தைக் கையாண்ட முறையும் அதற்குக் காரணமென்பர். கப்பலில் இருந்தோருள் 1,026 பேர் இறந்தனர். ஆறு பேர் மாத்திரமே தப்பினர். விளையாட்டு மேசையில் கப்பல் மூழ்கும்போது அட்டை அகற்றப்படுகின்றது. அந்த அட்டையில் மாலுமிகளின் தொகைக்கும் ஓரிடம் ஒதுக்கப்படுமாயின், விளையாட்டின் சுவை குன்றலாம். அதன் அறிவு வளரும்.