கார்டு இல்லாத நெட்வொர்க் கார்டு

லினக்ஸ் கணினியில் டெர்மினலைத் திறந்து ‘ஐபி லிங்க்’ என்று தட்டினால் நெட்வொர்க் இடைமுகங்களின் பட்டியல் வரும். கேபிளைப் பிடுங்கி, வைஃபையை அணைத்துவிட்டுத் தட்டினாலும் ‘எல்ஓ’ என்ற ஒன்று தலைவரிசையில் உட்கார்ந்திருக்கும். அதற்குக் கார்டும் கிடையாது, கம்பியும் கிடையாது. 127.0.0.1 என்ற முகவரிக்கு அனுப்புவதை அதே கணினிக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் அதன் வேலை. இதற்காக 127-இல் தொடங்கும் 1,67,77,216 முகவரிகளை ஒதுக்கியிருக்கிறார்கள். முகவரிப் பஞ்சம் நிலவும் காலத்தில் இது ஊதாரித்தனம்தான்.

கர்னலைப் பொறுத்தவரை இடைமுகம் என்றால் ஒரு பெயர், சில எண்கள், பாக்கெட்டைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும் ஒரு நிரல்துண்டு. அது பாக்கெட்டைச் செம்புக் கம்பியில் ஏற்றினாலும் சரி, இன்னொரு நிரலிடம் நீட்டினாலும் சரி, பாதை பார்த்து அனுப்பும் பகுதிக்குக் கவலையில்லை. ‘டன்’ வகை இடைமுகத்தை வைத்து ஓப்பன்விபிஎன் பிழைப்பது இப்படித்தான். அதில் விழும் பாக்கெட்டைப் பூட்டி, உண்மையான கார்டு வழியே வெளியே அனுப்புகிறது.

இத்தகைய இடைமுகங்களில் எனக்குப் பிடித்தது ‘விஎத்’. இது எப்போதும் இரட்டையாகவே பிறக்கும். ஒரு முனையில் போட்டது மறுமுனையில் விழும். ரூட் அனுமதியோடு ஒரு ஜோடியை உண்டாக்கி, ஒரு முனையை மட்டும் புதிய ‘நெட்வொர்க் நேம்ஸ்பேஸ்’ ஒன்றுக்குள் தள்ளுங்கள். அது தனக்கென்று இடைமுகங்கள், பாதை அட்டவணை, ஃபயர்வால் விதிகள் எல்லாம் வைத்திருக்கும் தனி அறை. வெளிமுனைக்கு 10.0.0.1/24, உள்முனைக்கு 10.0.0.2/24 என்று முகவரி கொடுத்து இரண்டையும் ‘அப்’ செய்தால் பிங் ஓடும். பிங் வரவில்லையென்றால் முதலில் மறுமுனையைப் பாருங்கள். ஒன்றை மட்டும் ‘அப்’ செய்தால், கேபிள் செருகாத கார்டைப் போலத்தான் அது நிற்கும்.

டாக்கர் வழக்கமாகச் செய்வதும் இதுவே. கன்டெய்னருக்குள் ‘எத்0’ என்று தெரிவது ஒரு விஎத் முனை. அதன் ஜோடி வெளியே ‘டாக்கர்0’ என்ற பிரிட்ஜில் செருகப்பட்டிருக்கும். பிரிட்ஜ் என்பது மென்பொருளால் ஆன ஸ்விட்ச்.

இப்படிக் கட்டளையால் உண்டாக்கியதெல்லாம் ரீபூட் செய்தால் போய்விடும். நிலைத்திருக்க வேண்டுமானால் நெட்வொர்க்மேனேஜரிலோ சிஸ்டம்டி-நெட்வொர்க்டியிலோ எழுதிவைக்க வேண்டும். நேம்ஸ்பேஸை அழிக்கும்போது மட்டும் கர்னல் பேதம் பார்க்கிறது: உள்ளே உண்மையான கார்டு இருந்தால் அது கணினியின் முதன்மை நேம்ஸ்பேஸுக்குத் திரும்பிவிடும், விஎத் முனை அங்கேயே அழியும், வெளியிலிருக்கும் ஜோடியும் கூடவே போகும்.