மலை விழுந்தது! கடல் எழுந்தது!

1934-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 7-ந் தேதி. அதிகாலை மணி 3.

நார்வே நாட்டில் டாபியோர்டு என்ற சிறிய ஊர் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று இடி இடித்தது போன்ற பெரும் சத்தம்! சிறிது நேரத்தில் கடல் பொங்கி எழுந்து வீடுகளுக்குள் புகுந்தது.

அன்று புயல் இல்லை, பூகம்பமும் இல்லை. பிறகு கடல் எப்படிப் பொங்கியது?

மலைக்குள் நுழைந்த கடல்

நார்வேயின் மேற்குக் கரையில் மலைகளைப் பிளந்துகொண்டு கடல் வெகு தூரம் உள்ளே செல்கிறது. இரு பக்கமும் செங்குத்தான மலை. நடுவே ஆழமான கடல். இதற்கு "பியோர்டு" என்று பெயர். பனி யுகத்தில் பிரமாண்டமான பனிப்பாறைகள் நகர்ந்து நகர்ந்து பள்ளத்தாக்குகளைக் குடைந்தன. பிறகு பனி உருகியது. பள்ளத்தில் கடல் நீர் புகுந்தது.

அப்படிப்பட்ட கடலின் கரையில் இருந்த ஊராட்சிதான் நோர்டால். நார்வேயில் உள்ளூர் மக்களே தங்கள் ஊரை ஆளும் முறை 1838-ல் வந்தது. அந்த ஆண்டிலேயே நோர்டால் ஊராட்சியும் பிறந்தது. டாபியோர்டு, பியோரா, வால்டால் முதலிய ஊர்கள் அதில் அடங்கியிருந்தன.

அங்கே சமவெளி மிகக் குறைவு. மலையடிவாரத்தில், தண்ணீர் ஓரமாகக் கிடைத்த துண்டு நிலத்தில்தான் வீடும் வயலும். ஆனாலும் மலை அவர்களை வாழவைத்தது. வால்டால் பள்ளத்தாக்கு ஸ்டிராபெரி பழத்துக்குப் பேர் போனது. டாபியோர்டில் மலை அருவியிலிருந்து 1923 முதல் மின்சாரம் எடுத்தார்கள்.

வாழவைத்த மலையே ஒரு நாள் வாழ்வைப் பறித்தது!

விரிசல் தெரிந்தது, ஆபத்து தெரியவில்லை

டாபியோர்டிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் லாங்ஹாமரென் என்ற பாறை மலை. அதில் ஒரு விரிசல் இருப்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அது தங்கள் உயிருக்கே எமன் ஆகும் என்று யாரும் எண்ணவில்லை.

அந்த இரவில் விரிசல் வாய் பிளந்தது. சுமார் 700 மீட்டர் உயரத்திலிருந்து பாறை பெயர்ந்து கடலில் விழுந்தது. விழுந்த பாறையின் அளவு சுமார் 20 லட்சம் கன மீட்டர்!

அண்டாத் தண்ணீரில் பெரிய கல்லைப் போட்டால் என்ன ஆகும்? தண்ணீர் நாலா பக்கமும் எகிறும் அல்லவா? அதுதான் அங்கே நடந்தது. பாறை விழுந்த இடத்துக்கு அருகே தண்ணீர் 60 மீட்டருக்கு மேல் எழும்பிக் கரையில் ஏறியது. மூன்று பனைமரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திய உயரம் அது!

டாபியோர்டு ஊருக்குள் மூன்று அலைகள் அடுத்தடுத்துப் பாய்ந்தன. மூன்றாவது அலைதான் மிகப் பெரியது. வீடுகளும் படகுகளும் நொறுங்கின. டாபியோர்டில் 23 பேர், பியோராவில் 17 பேர். ஆக மொத்தம் 40 பேர் மாண்டார்கள். எல்லாரும் எல்லாரையும் அறிந்த சின்னஞ்சிறு ஊர்கள் அவை. துக்கம் புகாத வீடு எது?

மீண்டும் எழுந்தார்கள்

ஆனால், மக்கள் மண்ணை விட்டு ஓடிவிடவில்லை. மறுபடியும் அதே கரையில் குடியிருந்தார்கள். இரண்டே ஆண்டுகளில், 1936 ஜூலை 31-ந் தேதி, வால்டாலிலிருந்து மலையைக் கடந்து செல்லும் டிரோல்ஸ்டிகென் பாதையை மன்னர் 7-ம் ஹாகோன் திறந்துவைத்தார். 11 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தப் பாதையைப் பார்க்க இன்று பல நாட்டார் வருகிறார்கள்.

2020 ஜனவரி 1-ந் தேதி நோர்டால் ஊராட்சி, பக்கத்தில் உள்ள ஸ்டோர்டாலுடன் இணைக்கப்பட்டது. புதிய ஊராட்சிக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? "பியோர்டு" என்பதுதான்! 182 ஆண்டுகள் இருந்த நோர்டால் ஊராட்சி அத்துடன் மறைந்தது.

தூங்காத காவல்

ஊராட்சி மறைந்தது, ஆபத்து மறையவில்லை. டாபியோர்டு கடலுக்கு மேலே ஹெகுராக்ஸ்லா என்ற மலையிலும் பாறை தளர்ந்திருக்கிறது. ஆனால், இன்று அந்த மலைக்குக் காவல் உண்டு. பாறை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கண்டுபிடிக்கும் கருவிகளைப் பொருத்தி, அரசாங்க நிபுணர்கள் இரவும் பகலும் கவனிக்கிறார்கள். நகர்ச்சை வேகம் பிடித்தால், பாறை விழும் முன்பே மக்களை மேட்டு நிலத்துக்கு அனுப்புவது அவர்கள் திட்டம்.

பாறை விழுவதை மனிதனால் தடுக்க முடியாது. ஆனால், விழப்போகிறது என்பதை முன்னரே அறிய முடியும். 1934-ல் விரிசலைக் கண்டும் அதை அளந்து பார்க்க ஆள் இல்லை. இன்று அளக்கிறார்கள். அந்த 40 பேர் தங்கள் உயிரைக் கொடுத்துச் சொல்லிவிட்டுப் போன பாடம் அது!