காருக்கு அடியில் குனிவதற்கு முன்

தாயை மறுபரிசோதனைக்கு அழைத்து வர வேண்டிய நாளுக்கு முந்தைய மாலை, ஏற்காட்டு மலைச் சிற்றூர் ஒன்றில் மகன் ஒருவர் தம் காரை ஜாக்கியில் ஏற்றினார். அடிப்பகுதியில் ஏதோ ஓசை கேட்டது. மெக்கானிக்கைத் தேடிச் செல்ல நேரமில்லை. வீட்டு முற்றமோ மழையில் ஊறிய செம்மண். சிறிது நேரத்தில் ஜாக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நல்வாய்ப்பாக, கழற்றிய சக்கரத்தை அவர் முன்னதாகவே காருக்கு அடியில் தள்ளி வைத்திருந்தார். வண்டி அதன்மேல் அமர்ந்தது. அவருடைய முன்கை மட்டும் சிக்கியது. மறுநாள் தாய் எங்கள் மருத்துவமனைக்கு வந்தார், மகனுக்குத் துணையாக.

நோயாளிகளை அழைத்து வருவதற்குச் சொந்த வண்டியையே நம்பியிருக்கும் குடும்பங்கள் சேர்வராயன் மலையில் பல. சேலம் செல்லும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வண்டியைப் பழுது பார்த்துவிட்டே இறங்க வேண்டும் என்ற அக்கறை இயல்பானது. அந்த அக்கறை விபத்தாக மாறாதிருக்கச் சில விளக்கங்களை இங்கே தருகிறோம்.

எடை உடலை என்ன செய்கிறது?

சிறிய கார்கூட ஏறத்தாழ 700 கிலோ எடை உடையது. ஜீப் வகை வண்டிகள் அதனினும் இரு மடங்கு. நாம் மூச்சை உள்ளிழுக்கும்போது விலா எலும்புகள் விரிய வேண்டும். மார்பின்மேல் வண்டியின் ஒரு பகுதி எடை அழுந்தினாலும் அவை விரிய இயலாது. எலும்பு முறியாவிட்டாலும், காயம் வெளியே தெரியாவிட்டாலும், சில நிமிடங்களில் உயிர் பிரியக்கூடும்.

கை கால் மட்டும் நீண்ட நேரம் நசுங்கிக் கிடந்தால் ஆபத்து வேறு வடிவில் வரும். இரண்டாம் உலகப் போரில் லண்டன்மீது குண்டுகள் வீழ்ந்தபோது, இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்ட சிலர் முதலில் நலமாகத் தோன்றிப் பின்னர்ச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். எரிக் பைவாட்டர்ஸ் என்னும் மருத்துவர் இதை 1941இல் விவரித்தார். நசுங்கிய தசையிலிருந்து பொட்டாசியமும் மயோகுளோபின் என்னும் புரதமும் இரத்தத்தில் கலக்கின்றன. முன்னது இதயத் துடிப்பைக் குலைக்கும். பின்னது சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு அன்று

காருடன் தரப்படும் ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்கு மட்டுமே உரியது. அதன் அடிப்பாகம் உள்ளங்கையளவே. பக்கவாட்டில் சிறிது தள்ளினாலும் சாயும். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஜாக்கியில் சீல் தேய்ந்திருந்தால், வண்டி நம் கண்ணுக்குத் தெரியாமல் மெல்ல இறங்கும்; சீல் கிழிந்தால் ஒரே நொடியில் இறங்கும்.

எனவே, ஜாக்கி மட்டுமே தாங்கும் வண்டியின் அடியில் தலையையோ கையையோ காலையோ நுழைக்கக் கூடாது. அடியில் படுத்து வேலை செய்ய வேண்டுமெனில், எடை தாங்கும் அளவு பொறிக்கப்பட்ட இரும்பு ஸ்டாண்டுகள் இணையாக வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக், அடுக்கிய கற்கள் ஆகியவை ஸ்டாண்டுக்கு மாற்று ஆகா. ஹாலோ பிளாக் எவ்வித முன்னறிவிப்பும் இன்றி நொறுங்கும் இயல்புடையது.

ஹேண்ட் பிரேக் போட்டால் போதாதா?

பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்பக்கம் முழுவதையும் தூக்கினால் அதற்குப் பயனில்லை. கியரில் நிறுத்துவதும் முழுப் பாதுகாப்பு ஆகாது. இன்றைய சிறு கார்களில் எஞ்சின் முன் சக்கரங்களோடு இணைந்துள்ளது. அவற்றுள் ஒன்று தரையை விட்டு எழும்பியதும் அது தடையின்றிச் சுழலும், மற்றொன்றும் உருளத் தொடங்கலாம். ஆகவே தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பது இன்றியமையாதது. சரிவில் இறக்கப் பக்கத்துக் கட்டையே முதன்மையானது. உருண்டைக் கல் உதவாது. ஆப்பு வடிவ மரக்கட்டை ஒரு சோடி வண்டியிலேயே இருக்கட்டும்.

செய்ய வேண்டிய வரிசை

1. சமதளமான, இறுகிய தரையில் நிறுத்துங்கள். மண் தரையானால் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் தடித்த, அகன்ற பலகை வையுங்கள்.
2. வண்டியில் இருப்பவர்கள் அனைவரும் இறங்கட்டும். ஹேண்ட் பிரேக், கியர், கட்டை மூன்றும் வேண்டும்.
3. சக்கர நட்டுகளைத் தூக்குவதற்கு முன்பே சற்றுத் தளர்த்துங்கள். தூக்கிய பின் பலமாகத் திருகினால் வண்டி ஆடிச் சரியும்.
4. வண்டியின் கையேடு காட்டும் இடத்தில் மட்டும் ஜாக்கியைப் பொருத்துங்கள்.
5. தேவையான உயரம் வந்ததும் ஸ்டாண்டுகளை வைத்து, எடை அவற்றின்மேல் அமருமாறு இறக்குங்கள். வெளியே நின்றபடி வண்டியைக் கையால் தள்ளிப் பாருங்கள். ஆடினால் மீண்டும் தொடக்கத்திலிருந்து செய்யுங்கள்.
6. கழற்றிய சக்கரத்தைக் காருக்கு அடியில் கிடத்துங்கள். முன்னர்க் கூறிய மகனின் உயிரைக் காத்தது அதுவே.
7. தனியாகச் செய்யாதீர்கள். குரல் கேட்கும் தொலைவில் ஒருவர் இருக்கட்டும், குழந்தைகள் வேண்டாம்.

மலைப்பாதையில் டயர் பஞ்சரானால், வளைவிலோ சரிவிலோ தூக்க முயலாமல், அகன்ற சமமான இடம் வரை மெல்லச் செல்லுங்கள். டயர் கெட்டால் வேறு வாங்கலாம். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லைப் புறப்படும்போது அகற்றிவிடுங்கள். பின்னால் வரும் இருசக்கர வண்டிக்கு அது எமனாகும்.

எவர் செய்யலாகாது?

இதய அறுவை, குடலிறக்க அறுவை செய்துகொண்டு மருத்துவர் அனுமதி பெறாதவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்கள், டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா உள்ளவர்கள், நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குன்றியவர்கள் இவ்வேலையைப் பிறரிடம் விடுவதே நல்லது. பரிசோதனை நாளுக்கு வர இயலவில்லையெனில் தொலைபேசியில் தெரிவியுங்கள். வேறு நாள் தருவதில் எங்களுக்குச் சிரமமில்லை.

ஒருவர் சிக்கிக்கொண்டால்

ஒருவர் 108ஐ அழைக்கட்டும். மற்றவர்கள் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியாலோ பலர் கூடியோ வண்டியைத் தூக்கி, தூக்கத் தூக்க முட்டுக் கொடுங்கள். எவரும் அடியில் நுழைய வேண்டாம். வண்டியை ஓட்டி நகர்த்தவும் வேண்டாம். மார்பு, கழுத்து, வயிறு அழுந்தியிருந்தால் ஆம்புலன்ஸுக்காகக் காத்திராதீர்கள். கை கால் மட்டும் நெடுநேரம் சிக்கியிருந்தால், 108 பணியாளர் கூறுமாறு செய்யுங்கள்.

மீட்டபின் மூச்சு இல்லையெனில் மார்பின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். இரத்தம் பெருகினால் தூய துணியால் இறுக அழுத்திப் பிடியுங்கள். கழுத்தைத் திருப்பாதீர்கள், குடிக்க எதுவும் தராதீர்கள். சிக்கியிருந்த நேரத்தைக் குறித்து மருத்துவரிடம் கூறுங்கள். அது எங்கள் சிகிச்சையையே மாற்றக்கூடியது.

எழுந்து நடந்தாலும் மருத்துவமனைக்கு வந்தே ஆக வேண்டும். வலி மணிக்கு மணி கூடுவது, வீக்கம் கல்போல் இறுகுவது, விரல்கள் மரத்துப்போவது, சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போவது ஆகிய நான்கும் உடனே கவனிக்க வேண்டிய அறிகுறிகள்.

முன்கை சிக்கிய அந்த மகனுக்கு எலும்பு கூடிவிட்டது. விரல்களின் பிடி முழுமையாகத் திரும்பப் பல மாதங்கள் ஆயின. இப்போதும் தாயை அவர்தான் அழைத்து வருகிறார். காரின் பின்பக்கத்தில் இரண்டு மரக்கட்டைகள் இருக்கின்றன. அடியில் செய்ய வேண்டிய வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டார்.