இணையம் வரவில்லையா? பழுது எங்கே என்று முதலில் பாருங்கள்!

கல்லூரி விண்ணப்பத்துக்கு இன்றே கடைசி நாள். லேப்டாப்பைத் திறந்தால் வை-பை இணைப்பு கிடைக்கவில்லை. மும்பையில் தாராவி முதல் முலுண்டு வரை தமிழர் வீடுகளில் இது அடிக்கடி நேரும் சங்கடம். பழுது எங்கே என்று தெரியாமலே லேப்டாப்பைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் பலர். கோளாறு ரவுட்டரில் இருந்தால், கடைக்குக் கொடுக்கும் பணம் வீண்தானே?

பழுது பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் இருக்கும். லேப்டாப், ரவுட்டர், வெளியிலிருந்து வரும் கேபிள். அதைக் கண்டுபிடிக்க ஒரு செல்போன் போதும்.

செல்போன் சோதனை

செல்போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சிம் கார்டு வழியாக வரும் இணையம் நம்மை ஏமாற்றிவிடும். பிறகு வீட்டு வை-பையில் இணைத்துப் பார்க்க வேண்டும். செல்போனில் இணையம் வந்தால், கேபிளிலும் ரவுட்டரிலும் பெரிய பழுது இல்லை. லேப்டாப்பைத்தான் கவனிக்க வேண்டும். செல்போனிலும் வராவிட்டால் லேப்டாப்பைத் தொடவே வேண்டாம்.

சிவப்பு விளக்கு

பைபர் கேபிள் இணைப்பில், ரவுட்டர் பெட்டியில் 'எல்.ஓ.எஸ்.' என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தால் கேபிளில் ஒளி வரவில்லை என்று பொருள். கேபிள் அறுந்தோ, கழன்றோ இருக்கலாம். கம்பெனிக்காரர்தான் வந்து சரி செய்ய வேண்டும்.

சிவப்பு விளக்கு இல்லையா? ரவுட்டரின் மின் இணைப்பைப் பிடுங்கி, அரை நிமிடம் கழித்து மாட்டுங்கள். விளக்குகள் சீராகச் சில நிமிடம் ஆகும். பெட்டியில் உள்ள 'ரீசெட்' பொத்தானை மட்டும் அழுத்தாதீர்கள்! கம்பெனிக்காரர் செய்து வைத்த அமைப்புகளே அழிந்துபோகலாம்.

லேப்டாப்பில் என்ன பார்ப்பது?

முதலில் விமானக் குறி. கை தவறி 'ஏரோப்ளேன் மோடு' பொத்தான் பட்டிருந்தால் வை-பை அடங்கிவிடும். அடுத்து லேப்டாப்பை அணைத்துப் போடுங்கள். அதற்கும் மசியாவிட்டால், 'பர்கெட்' கொடுத்து வீட்டு வை-பை பெயரை நீக்கிவிட்டு, பாஸ்வேர்டைப் புதிதாக அடிக்க வேண்டும். ரவுட்டரில் பாஸ்வேர்டை மாற்றியிருந்தால் இதிலேயே வழி பிறக்கும்.

இணைப்பு இருப்பதாகக் காட்டியும் பக்கங்கள் திறக்காவிட்டால், லேப்டாப்பின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். தேதி தவறாக இருந்தால் வங்கி, கல்லூரித் தளங்கள் திறக்க மறுக்கும். ஐ.பி. எண் 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் எண் தரவில்லை. லேப்டாப் தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று அறியலாம்.

நெரிசல்

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை வை-பைக்கு உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005-ல் இந்திய அரசு அனுமதித்தது. இன்று அடுக்குமாடிகளில் பக்கத்து வீடு, மேல் வீடு எல்லாம் அந்த ஒரே பாதையில்தான் போகின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் இடையூறு செய்கிறது. 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, வேகம் அதிகம். ஆனால் சுவரைத் தாண்டுவதில் அது பலவீனம். பழைய லேப்டாப்கள் சிலவற்றுக்கு அது தெரியவே தெரியாது. வீட்டு வை-பை பெயர் லேப்டாப்பில் மட்டும் தோன்றாமல் போக இதுவும் ஒரு காரணம்.

அவசரத்துக்கு என்ன வழி?

விண்ணப்பம் காத்திருக்காது. ஆண்ட்ராய்டு செல்போனை யு.எஸ்.பி. வயரால் லேப்டாப்பில் இணைத்து, 'யு.எஸ்.பி. டெதரிங்' போட்டால் மொபைல் டேட்டாவிலேயே வேலையை முடிக்கலாம். லேப்டாப்பின் வை-பை கருவியே கெட்டிருந்தாலும் இது கை கொடுக்கும். வை-பைக்கான டிரைவர் மென்பொருளை மீண்டும் இறக்கிக்கொள்ளவும் இதே வழிதான்.

கம்பெனியை அழைக்க நேர்ந்தால், பில்லில் உள்ள எண்ணையே பயன்படுத்துங்கள். இணையத்தில் தேடிக் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' எண்களில் மோசடிக்காரர்களும் இருக்கிறார்கள். சரி செய்வதாகச் சொல்லி, லேப்டாப்பைத் தூரத்திலிருந்து இயக்கும் செயலியைப் போடச் சொன்னால் உடனே போனை வைத்துவிட வேண்டும். இணையம் ஒரு நாள் நின்றால் மறுநாள் வரும்; வங்கியில் போன பணம் திரும்புவது அத்தனை எளிதல்ல!